ஆறில்லா நாட்டின் அடையாளங்கள்

நம்மவருட் பலர் காசியையும் இராமேசுவரத்தையும் கண்டவர்கள். தாஜ்மகாலின் முன்னின்று படம் பிடித்துக்கொண்டோரும் உளர். இலண்டன் மாநகரத்து நூதனசாலைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேச வல்லோரும் உளர். ஆயின், தாம் பிறந்த ஊருக்கு நாலு கட்டை தூரத்திலுள்ள கந்தரோடையைக் கண்டீரோ என்று வினவினால், பஸ்ஸிற் போகும்போது பெயர்ப்பலகையைக் கண்டதுண்டு என்பதே பெரும்பாலார் தரும் விடையாகும். யாழ்ப்பாணக் குடாநாடோ மிகச் சிறியது. சைக்கிள் மிதிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் மூன்று நான்கு நாளில் அதனைச் சுற்றி வந்துவிடலாம். இக்குறையைப் போக்கிக்கொள்ளும் பொருட்டு, நண்பர் சிலர் ஒருங்கு சேர்ந்து, ஓய்வு நாட்களிலே குடாநாட்டையும் தீவகத்தையும் சுற்றிப் பார்த்தோம். கண்டவற்றுட் சிலவற்றை மாத்திரம் ஈண்டுக் கூறுவோம்.

கோட்டையிலிருந்து தொடங்குவதே முறை. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், தலைநகராகிய நல்லூரை விடுத்து, கடனீரேரிக் கரையிலே நாற்கோணமான கோட்டையொன்றை அமைத்தனர். 1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஏறத்தாழ மூன்று மாத முற்றுகையின் பின் அதனைப் பிடித்த ஒல்லாந்தர், பழையதை இடித்து ஐங்கோண வடிவிலே புதியதொன்றைக் கட்டலாயினர். உட்கோட்டை 1680இல் முடிந்தது. வெளியரண்கள் 1792இலேதான் முடிவுற்றன. அடுத்த மூன்றாம் ஆண்டு, 1795இல், ஆங்கிலேயர் வந்துநிற்கக் கோட்டை கைமாறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அரண், முழுமை பெற்றபின் கட்டினவருக்கு உதவியது மூன்றே ஆண்டு! 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் உள்ளே நின்றது. நம்மில் மூத்தோர் அதனைக் கண்டிருப்பர். 1990இல் நிகழ்ந்த போரில் அதுவும் ஏனைய கட்டடங்களும் அழிந்தன. இன்று மதில்கள் நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டுள்ளன. உள்ளே முருகைக்கற் குவியலும் எருக்கலையுமே எஞ்சியுள்ளன.

இக்கோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட பொருள்களுள் எம் சிந்தையைக் கவர்ந்தது பீரங்கியன்று, ஒரு கல். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனம் பொறித்த கல்லொன்று இக்கோட்டையிலே கிடைத்தது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். பதினொராம் நூற்றாண்டுக் கல் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் எவ்வாறு வந்தது? இடித்த கோயில்களின் கற்கொண்டு கோட்டை கட்டினார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது வெறுங்கதையன்று என்பதற்கு அக்கல்லே சாட்சி.

கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்திலே பொதுசன நூல்நிலையம். 1959இல் திறக்கப்பெற்றது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிக்கப்பெற்றது. ஏட்டுச் சுவடிகளும் அதனுள் அடங்கும். மீண்டும் எழுந்து வெண்ணிறத்தோடு நிற்கின்றது. உள்ளே இளைஞர்கள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தனர். இதற்குமேல் அதனைப் பற்றி எழுத எமக்கு மனம் வரவில்லை.

நகரிலே மற்றொரு விநோதம் உண்டு. ஆஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் அருமையாக ஒன்றிரண்டு ஓடுகின்றன. வெளிநாட்டார் இவற்றைப் பழம்பொருட் பிரியம் என்று எண்ணிப் படம் எடுக்கின்றனர். உண்மை அஃதன்று. 1990க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டபோது, மண்ணெண்ணெயிலே ஓட இசைந்தவை இப்பழைய இயந்திரங்களே. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னாலே கரும்புகை எழும். ஆனால் வண்டி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும். பிரசவ வேதனையோடு எத்தனை தாய்மார் இவ்வண்டிகளிற் சென்றிருப்பர்! நூதனசாலையில் வைக்கவேண்டியவற்றுள் இவற்றையும் ஒன்றாகக் கொள்ளுதல் தகும்.

நல்லூரிலே, அரசிருந்த இடத்திற் காணக்கிடப்பது மிகச் சில. சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, பகர வடிவில் அமைந்த யமுனா ஏரி, இவ்வளவே. கடைசி மன்னனாகிய சங்கிலி கோவைக்கு, அதாவது மேற்கிந்தியக் கரையிலுள்ள கோவா நகருக்கு, கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். கந்தசுவாமி கோயில் 1621இல் பிலிப்பே டி ஒலிவேராவினால் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்கூற்றிலே வேறிடத்தில் எழுந்தது. மந்திரிமனையின் மரவேலைப்பாடுகள் பிற்காலத்தன என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும். யமுனா ஏரிக்கு யமுனை நதியின் நீரைக் காவடியிற் கொணர்ந்து கலந்தார்கள் என்பது கர்ணபரம்பரை. அது நிகழ்ந்ததோ இல்லையோ, ஆறில்லா நாட்டில் அரசு செய்தவர்களுக்கு ஓர் ஆற்றின் பெயரிலே எவ்வளவு ஆசை இருந்தது என்பது மாத்திரம் புலனாகின்றது.

அரசரும் அந்நியரும் கட்டியவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு வடக்கு நோக்கிக் காங்கேசன்துறை வீதி வழியே செல்லும்போதுதான், வேறொரு வரலாறு வீதியோரத்திலே நிற்பதை உணர்ந்தோம். அதனைக் கட்டியவர்களின் பெயர் பெரும்பாலும் எந்த நூலிலும் இல்லை.

முதலாவது சுமைதாங்கி. இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வரும் ஒருவன் பிறர் உதவியின்றித் தானே சுமையை இறக்கவும், இளைப்பாறிய பின் தானே ஏற்றவும் ஏற்ற அளவு அது. புகையிலைச் சிப்பமும் நெல்மூடையும் தலையிலே சென்ற காலத்தில் அக்கல் செய்த உபகாரம் சிறிதன்று. கருவுற்ற நிலையில் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக உறவினர் இதனை நாட்டுவது வழக்கம். இறக்க முடியாமற்போன அவள் சுமைக்கு ஈடாக, வழிச்செல்வோர் சுமை இறங்கட்டும் என்பது கருத்து. துக்கத்தைத் தீர்க்க இதனினும் நல்ல வழியை வேறு நாட்டார் கண்டதாக நாம் அறியோம்.

அடுத்து ஆவுரஞ்சிக்கல். கேணியருகிலோ கிணற்றடியிலோ தனியே நாட்டிய கற்றூண் அது. நீர் குடித்த மாடு தன் முதுகையும் கழுத்தையும் அதில் உரஞ்சிக்கொள்ளும். பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் அதனை எல்லைக்கல் என்றும், வேறு சிலர் உடைந்த கோயிற்றூண் என்றும் கருதுகின்றனர். மாட்டுக்குத் தினவெடுக்கும் என்பதை நினைந்து கல் நாட்டினார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கின்றனர்! இவற்றோடு நீர்த்தொட்டியும், கிணறும், மடமும் சேர்ந்து நிற்கும் இடங்கள் முன்னாளிலே கதிர்காமம் வரை நடந்துசெல்லும் அடியார்களுக்கும் வண்டிக்காரருக்கும் தங்குமிடங்களாயின. தனி வீடுகளிலேயும் இவ்வறம் இருந்தது. சங்கடப்படலை என்பது வீட்டு வாயிலிலே கூரையிட்டு, இருபுறமும் இருக்க இடம் வைத்து அமைத்த படலை. வீட்டுக்காரரை எழுப்பாமல் எவரும் அதில் ஒதுங்கலாம். பானையில் நீர் இருக்கும். இன்று பத்தடி மதிலும் இரும்புக் கேற்றுமே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

வீதிகள் அகலிக்கப்பட்ட அண்மைக் காலத்திலே இக்கற்கள் பல பெயர்க்கப்பட்டன. சில மதகின் கீழே புதையுண்டன. ஓரிடத்திலே, எழுத்துப் பொறித்த சுமைதாங்கியின் மேற்கல் ஒன்று மதிற்கரையிலே உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கிடந்ததைக் கண்டோம். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், "தம்பியவை, உதிலை ஒரு பொம்பிளையின்ரை பேர் இருந்தது. இப்ப வாசிக்கேலாது" என்றார். கோட்டையின் கல்லொன்று பெயர்ந்தால் கொழும்புப் பத்திரிகைகளும் எழுதும். இக்கல் போனதற்கு யார் எழுதுவார்? ஒவ்வோர் ஊரிலும் இளைஞர் மன்றத்தார் தத்தம் எல்லைக்குள் எத்தனை சுமைதாங்கி, எத்தனை ஆவுரஞ்சி, எத்தனை மடம் உண்டு, யார் பெயரால் நின்றன என்பதைக் குறித்துப் படமும் எடுத்து வைத்தல் அரிய செயலன்று. ஒரு மாத வேலை. இன்னும் பத்தாண்டு சென்றால் கேட்டுச் சொல்ல முதியவர் இரார்.

சுன்னாகத்தை அடுத்துக் கந்தரோடை. பனங்கூடலின் நடுவே, முருகைக்கல்லாலான சிறு தூபிகள் கவிழ்த்த கிண்ணங்கள் போலக் கூட்டமாய் இருக்கின்றன. ஆளுயரத்தை மிஞ்சியவை சிலவே. போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டை ஒட்டி இங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையார் அகழ்ந்தபோது, பௌத்தத்துக்கு முற்பட்ட பெருங்கற்காலக் குடியிருப்பின் தடயங்கள் வெளிப்பட்டன. உரோம நாணயங்களும் இவ்வூரிற் கிடைத்துள்ளன. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு இவ்வயல்களைத் தொட்டே செல்கின்றது. தென்னிலங்கைச் சுற்றுலாக்காரர் தூபியைக் கண்டு ஒன்று சொல்ல, நம்மவர் அதைக் கேட்டுச் சினந்து அவ்விடத்தையே மறந்துவிடுகின்றனர். இரண்டும் பொருந்தா. மணிமேகலையைக் காப்பியமாகக் கொண்டாடும் நாம், தமிழருள்ளும் பௌத்தர் வாழ்ந்தனர் என்பதற்கு அஞ்சுவானேன்? 1980ஆம் ஆண்டை ஒட்டி ஆனைக்கோட்டையிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்ட பெருங்கற்காலப் புதைகுழியிலே, பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்று கிடைத்தது. கோவேத என்று அதனை வாசித்தனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே இங்கே எழுத்தறிந்தோர் வாழ்ந்தனர் என்பதை விரல் நுனியளவான அப்பொருள் காட்டிற்று.

கீரிமலைக்குச் சென்றோர் கேணியில் நீராடுகின்றனர். ஆடியமாவாசையிற் பிதிர்க்கடன் செய்கின்றனர். ஆனால் கேணிச் சுவருக்கு அப்பால் உப்புக்கடல் அலையெறிய, இப்பால் ஊற்றுநீர் நன்னீராய்ச் சுரப்பது எங்ஙனம் என்று கேட்போர் சிலரே. நகுல முனிவரின் கீரிமுகம் மாறிய கதையையும், மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறிய கதையையும் யாவரும் அறிவர். நிலத்தின் கதையையும் சிறிது அறிதல் நன்று. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை. ஆண்டுக்கு ஐம்பது அங்குலத்தை அடுத்துப் பெய்யும் மழையும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பாறையின் வெடிப்புக்களூடே அந்நீர் கீழிறங்கி, கீழே புகுந்துள்ள கடல்நீரின் மேலே, எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல் மிதக்கின்றது. நன்னீர் உப்புநீரினும் எடை குறைந்ததன்றோ! கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே நாற்பதடி அளவு நன்னீர் இருக்கும் என்று ஒல்லாந்து, ஜேர்மன் தேசத்து அறிஞர் கணக்கிட்டுள்ளனர். இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடியை அளவின்றி இறைத்துவிட்டால், கீழே நாற்பதடி உவர் ஏறிவரும்.

இதனைக் கண்ணாரக் காணவேண்டுவோர் புத்தூருக்கு அணித்தாகிய நிலாவரைக்குச் செல்க. இராமபிரான் அம்பினால் ஊன்றிய இடமென்பது ஐதிகம். பாறை இடிந்து விழுந்து உண்டான இயற்கைக் கிணறு இது. அடியில்லாக் கிணறு என்று பிள்ளைகள் கல்லெறிந்து பார்க்கின்றனர். அடி உண்டு, ஆனால் மேலே நன்னீரும், ஆழம் செல்லச் செல்ல உவர்நீருமாய் நிற்பதே அதன் உண்மையான அதிசயம்.

துலா மிதித்து இறைத்த காலத்திலே, பனந்துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, வாய்க்காலில் ஒருவர் நீர் மாற, மூவர் உழைத்தாலும் கிணற்றை மிஞ்சி இறைக்க இயலாதிருந்தது. மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. துலாவை மீண்டும் கொண்டுவருக என்று நாம் சொல்லவில்லை. அதனை மிதித்தவர்களைக் கேட்டால் நம்மை அடிக்க வருவர். ஆயினும், கரையோரக் கிராமங்கள் பலவற்றில் உவர் ஏறியதும், தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றுக் குடிநீரிற் கலந்ததும் மறுக்கவொண்ணாத உண்மைகள். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதந்ததும், அவ்வழக்கிலே 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. கடனீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு அமைப்பதென்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இலே திட்டம் வரைந்தார். அது முற்றுப்பெறவில்லை. 2024இல் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடலால் சூழப்பட்டு, கடலின்மேல் மிதக்கும் நீரைக் குடித்துவந்த நாம், இப்போது கடலையே குடிக்கத் தொடங்கியிருக்கின்றோம்.

வடமராட்சியில் மூன்றைச் சொல்லி அமைவோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. கட்டியவர்கள் இந்நாளைய பொறியியற் கல்லூரிகளிற் பயின்றவரல்லர்.

பருத்தித்துறைத் தும்பளை வீதியிலே தெருமூடிமடம் நிற்கின்றது. பெயரே அதன் இலக்கணம். தெருவின் இருமருங்கும் கற்றூண்களோடு திண்ணை. நடுவே தெருவையும் சேர்த்து மேலே கூரை. வழிச்செல்வோன் மடத்தைத் தேடி ஒதுங்கவேண்டுவதில்லை. அவன் செல்லும் வழியே மடத்தினூடு செல்கின்றது. நடுப்பகல் வெயிலில் நாம் அங்கே இருந்தபோது, மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உறங்கினார். கட்டியவர் எண்ணியது அன்றும் நடந்தது.

வல்லிபுரத்து மணற்பரப்பிலே ஆழ்வார் கோயிலின் அயலில் 1936இல் கிடைத்த பொன்னேடு நான்கே வரியுடையது. வசப மன்னன் காலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டின் முன், நாகதீபத்தை இசிகிராய என்னும் அமைச்சன் ஆண்டபோது, பியகுக திச என்பவன் விகாரையொன்று அமைத்தான் என்பது அதன் செய்தி. அதன் மொழியைப் பற்றிப் பலர் பல சொல்வர். குடாநாட்டுக்கு நாகதீபம் என்ற பெயர் வழங்கியதை அவ்வேடு காட்டுகின்றது.

தீவகத்துக்குப் பண்ணைப் பாலத்தின் வழியே சென்று, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மனைத் தொழுவோர், அக்கோயிற் சூழலிலே உள்ள தமிழ்ச் சாசனத்தையும் ஒருமுறை நோக்குக. பன்னிரண்டாம் நூற்றாண்டில், பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குத் தீங்கு நேராமற் காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொணரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், மற்றைச் சரக்குக் கப்பலாயின் செம்பாதி என்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள அரசன் ஒருவன் தமிழிலே எழுதுவித்த துறைமுகச் சட்டம்! அந்நாளில் ஒரு சட்டம் செல்லவேண்டுமாயின், அது செல்லுமிடத்து மக்களின் மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவ்வரசன் அறிந்திருந்தான். இந்நாளில் நம் கைக்கு வரும் அரசாங்கக் கடிதங்கள் சிலவற்றை நினைந்து, நாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

நெடுந்தீவுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி குமுதினிப் படகிலே சென்ற மக்கள் வெட்டுண்டு இறந்தது இக்கடலிலேதான். படகிலிருந்த மூதாட்டியர் அவ்விடத்தை அண்டியபோது பேச்சை நிறுத்தினர். தீவில் வேலி கிடுகன்று; முருகைக்கல்லைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மதிலே வேலி. ஆபிரிக்கக் கரையிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் ஒன்று, யானைக்கால் போன்ற அடியோடு நிற்கின்றது. சிதைந்த ஒல்லாந்தக் கோட்டையும் புறாக்கூடும் உண்டு. ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெட்டவெளியில் கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. மாரியிற் கொழுத்துத் திரியும் அவை, ஆவணி புரட்டாதி வறட்சியிலே நீரின்றிச் சாவதும் உண்டு. தீவிலே நன்னீர்க் கிணறுகள் சிலவே. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளே பேர்பெற்றவை. கோடையிலே ஊரவர் தமக்கே நீர் போதாத நிலையிலும் தொட்டிகளில் நீர் நிரப்பி வைக்கின்றனர். நாம் சென்ற நாளில், தொட்டியருகே நின்ற பெண்மணி ஒருவர் மனிதர் எமக்கு முதலிலும், காத்துநின்ற குதிரைகளுக்குப் பின்னரும் வார்த்தார். நெடுந்தீவு செல்ல விரும்புவோர் காலைப் படகிலேயே புறப்படுக. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்க.